நீர்க்கட்டி என்றால் ஆளா, நோயா? தண்ணீர், தோட்டச் சொற்கள் பற்றி ஓர் இழை

வடகால்:
எல்லாருக்கும் வணக்கம். நான் ஸ்கேன் எடுக்கும் இடத்தில் வேலை பார்க்கிறேன். மருத்துவர் தரும் அறிக்கையை நோயாளிகளுக்குப் புரிகிற தமிழில் எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு. ஒரு நாளில் நான் அதிகம் தட்டுகிற சொல் "நீர்க்கட்டி". சினைப்பையில் நீர்க்கட்டி, சிறுநீரகத்தில் நீர்க்கட்டி, இப்படி.

போன வாரம் அப்பா பரணில் கிடந்த தகரப்பெட்டியை இறக்கினார். தாத்தா காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் உள்ளே இருந்தது. மை மங்கிக்கொண்டே போகிறது, படியெடுத்து வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டாம் வரியிலேயே தாத்தா பெயருக்கு முன்னால் "நீர்க்கட்டி" என்று எழுதியிருக்கிறது. எழுத்துப் பிழை என்று நினைத்து அப்பாவிடம் காட்டினேன். "பிழையெல்லாம் இல்லம்மா, தாத்தா நீர்க்கட்டிதான்" என்றார். அப்பா பத்து வயதிலேயே படிக்க வெளியூர் அனுப்பப்பட்டவர். அதற்கு மேல் கேட்டதற்கு, "ராத்திரி ராத்திரி வெளிய போயிருவாக" என்று மட்டும் சொன்னார்.

கீழே "வடகால் பாசனம் இருபூ நஞ்சை", "தோட்டம் துரவு", "மடைவாய்" என்றெல்லாம் வருகிறது. எல்லாம் தெரிந்த சொற்கள் மாதிரிதான் இருக்கின்றன. ஆனால் ஒரு வரியையும் எனக்கு முழுசாகப் புரிந்துகொள்ள முடியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாம்மடை:
தாயி, உங்க தாத்தா பார்த்தது ஊருக்கே சோறு போட்ட வேலை. தென்மாவட்டங்கள்ல குளத்துத் தண்ணிய வயலுக்கு வயல் பங்கிட்டு விடுறவர்தான் நீர்க்கட்டி. சில ஊர்ல நீர்ப்பாய்ச்சி, சில ஊர்ல மடைக்குடும்பன். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை முறை, எந்த வரப்புல நண்டு வளை போட்டிருக்கு, எந்தக் கரை இந்த மழைக்கு நிக்கும், எது நிக்காது, எல்லாம் அவருக்குத் தலையில இருக்கும். அடைமழை ராத்திரியில ஊரே போர்த்திப் படுத்திருக்கும்போது மண்வெட்டியும் விளக்குமா கரையில நடக்கிறவர் அவர் ஒருத்தர். உங்க அப்பா சொன்ன "ராத்திரி ராத்திரி" அதுதான். கூலி, அறுவடைக்களத்துல நெல்லா அளப்பாங்க. தண்ணி சண்டை வந்தா அவர் வாய்ச்சொல்தான் தீர்ப்பு.

அவர் பேர்ல இருக்கிற "கட்டி"க்கும் உங்க ஸ்கேன் "கட்டி"க்கும் உறவில்ல. தண்ணிய ஓர் இடத்துல நிறுத்தி, வேற பக்கம் போக விடுறதுக்குப் பேர் "தண்ணி கட்டுறது". அப்படிக் கட்டுறவர் நீர்க்கட்டி. உடம்புல வர்றது, கட்டித்தயிர், மண்ணாங்கட்டி மாதிரி திரண்டு நிக்கிற கட்டி.

"வடகால்"னு பேர் வச்சிருக்கீங்க, ஆனா அர்த்தம் கேக்கீங்க! கால்னா வாய்க்கால். தாமிரபரணியில திருவைகுண்டம் அணைக்கட்டுல ரெண்டு பக்கமும் பிரியுறதுக்கு வடகால், தென்கால்னே பேரு. ஆத்துக்கு வடக்கே போறது வடகால். இருபூ நிலம்னா வருசத்துக்கு ரெண்டு போகம் விளையுறது. ஒருபூ, முப்பூவும் உண்டு.

வடகால்:
ஐயா, படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பெயர் பத்திரத்திலிருந்து எடுத்ததுதான். வடக்குத் திசையில் ஏதோ கால்பங்கு நிலம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏட்டுச்சுவடி:
கால் என்ற சொல்லில் நீங்கள் தடுமாறியதில் வியப்பில்லை. உடம்பின் கால், நான்கில் ஒரு பங்கு, பந்தலுக்கு ஊன்றும் கால், பழைய தமிழில் காற்று, பிறகு வாய்க்கால். வெற்றிலைத் தோட்டத்துக்குக் கொடிக்கால் என்று பெயர். ஒரே இரண்டு உறுப்புகளை வைத்து "வாய்க்கால்" என்றும் "கால்வாய்" என்றும் திருப்பிப் போட்டுச் சொல்கிறோம், இரண்டிலும் தண்ணீர் ஓடுகிறது.

தண்ணீர்ச் சொற்களில் எனக்கு மிகப் பிடித்தது "தொடு". இன்றைக்குத் தொடுதல் என்றால் கைபடுதல். பழைய தமிழில் தோண்டுதல் என்ற பொருளும் உண்டு. பட்டினப்பாலையில் "குளம் தொட்டு வளம் பெருக்கி" என்று வருவது குளம் வெட்டியதைச் சொல்கிறது. "தொட்டனைத் தூறும் மணற்கேணி" என்ற குறளும் அதேதான்: தோண்டத் தோண்ட ஊறும். பள்ளிக்கூடத்தில் இதைப் படிக்கும்போது மணலைத் தொட்டால் தண்ணீர் வரும் என்று நம்பிய பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

காட்டுக்குப்போறவன்:
இந்தப் பேச்சுல கொங்குப் பக்கத்தையும் சேர்த்துக்கோணுமுங்க. நான் கல்லூரிக்குப் போன புதுசுல, "அப்பா எங்கே?"ன்னு அறைத்தோழன் கேட்டான். "காட்டுக்குப் போயிருக்காரு"ன்னேன். "வனத்துறையில வேலையா?"ன்னு கேட்டான். எங்களுக்குக் காடுன்னா மழைய நம்பி சோளம், கடலை போடற மானாவாரி நிலம். தோட்டம்ன்னா கிணத்துத் தண்ணி பாயற நிலம். பூச்செடி இருக்கோணும்ன்னு அவசியமில்லைங்க, கிணறு இருந்தாப் போதும். காட்டுல கிணறு வெட்டித் தண்ணி வந்துட்டா அது தோட்டமாயிரும். ஒரே மண்ணு, ஒரே ஆளுங்க, பேரு மாறிப்போயிரும். எங்க பாட்டி "உங்க தாத்தன் காட்டைத் தோட்டமாக்குனவன்"ன்னு சொல்றப்ப அந்தக் குரல்ல இருந்த பெருமைய எழுத்துல காட்ட முடியாதுங்க.

துலாமிதி:
எங்கட பக்கத்தில, யாழ்ப்பாணத்தில, வீட்டைச் சுத்தியிருக்கிற காணி "வளவு". வாழையும் தென்னையும் பூமரமும் நிண்டாலும் அது வளவுதான். தோட்டம் எண்டால் வெங்காயம், மிளகாய், புகையிலை வைச்சுப் பிழைக்கிற நிலம். "அவர் தோட்டம் செய்யிறார்" எண்டால் அது அவற்றை தொழில், பொழுதுபோக்கு இல்லை.

தங்கச்சி கேட்ட துரவுக்கு நான் மறுமொழி சொல்லுறன். துரவு எண்டால் பெரிய கிணறு, பாசனத்துக்கு எண்டு அகலமாய் வெட்டுறது. "தோட்டம் துரவு" எண்டு எல்லாரும் சேர்த்துச் சொல்லுறவை, ஆனால் பின்னால வாற சொல்லு வெறும் ஓசைக்கு எண்டு நினைக்கினம். இல்லை. தோட்டமும் அதுக்குரிய நீரும் எண்டு எழுதியிருக்கு. பத்திரத்தில அந்தச் சொல் இருந்தால் கிணறும் பங்கில சேர்ந்திருக்கு எண்டு பாருங்கோ.

என்ர அப்பு துலா, அதுதான் கிணத்து ஏத்தம், மிதிச்சவர். மேலே ஒராள் மிதிக்க, கீழே ஒராள் பட்டையால அள்ளி ஊத்த, பாத்தியில இன்னொராள் நிண்டு தண்ணியைத் திருப்பவேணும். மூண்டு பேர் இல்லாமல் தோட்டத்துக்குத் தண்ணி இல்லை. "இறைப்பு" எண்டு நாங்கள் சொல்லுறது அந்த மூண்டு பேரின்ரை விடியக்காலையை.

கொழுந்துக்கூடை:
துலாமிதி அண்ணன் "தோட்டம்" என்றதும் எங்களுக்கு மனசில் வருவது வேறு. இலங்கையின் மலையகத்தில் தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம். அதுதான் எங்கள் முகவரி, எங்கள் ஊர். "நீங்க எந்தத் தோட்டம்?" என்றுதான் ஒருவரை ஒருவர் விசாரிப்போம். அங்கே யாரும் பாத்தி கட்டவில்லை, தண்ணி பாய்ச்சவில்லை. "மலைக்குப் போறேன்" என்றால் மலையேறப் போகவில்லை, கொழுந்து பறிக்கப் போகிறோம்.

இன்னொரு சொல்லைப் பாருங்கள். செடியை வெட்டிச் சீராக்குவதை "கவாத்து" என்கிறோம், தமிழ்நாட்டிலும் தோட்டக்கலையில் அதே சொல்தான். ஆனால் கவாத்து என்றால் படைவீரர்களின் அணிவகுப்புப் பயிற்சியும்கூட. காலையில் ஆளெண்ணி வேலை பிரிக்கிற இடத்துக்கு "பிரட்டுக்களம்" என்று பெயர், அதுவும் அணிவகுப்பைக் குறித்த ஆங்கிலச் சொல் தேய்ந்து வந்ததுதான். ஒரே வரிசையில் வெட்டி நிறுத்திய தேயிலைச் செடிகளையும் அதற்கு முன்னால் வரிசையில் நின்ற எங்கள் பாட்டிமார்களையும் நினைத்தால், இந்தச் சொற்கள் ஏன் ஒட்டிக்கொண்டன என்று எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

செம்பனை:
மலேசியாவிலும் தோட்டம் அதேதான், ரப்பர் தோட்டம், பிறகு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டம். ரப்பர் மரத்துக்கு எங்கள் பெயர் பால்மரம். "பால் வெட்டப் போனாங்க" என்றால் வெளியூர்த் தமிழர் குழம்பிப்போவார்கள்.

வடகால் பத்திரத்தில் "தோட்டம்... பாகம்" என்று படித்ததும் எனக்கு "தோட்டத் துண்டாடல்" என்ற சொல் நினைவுக்கு வந்தது. உங்களுக்கு அது அண்ணன் தம்பி பங்கு பிரிப்பதாகப் படும். எங்களுக்கு அது பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றதால் ஆயிரக்கணக்கானவர்கள் வேலையையும் குடியிருந்த வீட்டையும் ஒன்றாக இழந்த காலம். அதைத் தடுக்கத்தான் 1960இல், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் முன்னின்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். என் அம்மா முன்னால் இன்றைக்கும் "துண்டாடல்" என்று சொன்னால் முகம் மாறும்.

வான்பார்த்தபூமி:
மடைவாய், அதாவது குளத்து நீரைத் திறந்துவிடும் இடம், பற்றி யாரும் எழுதவில்லையே. எனக்கு வந்த ஒரு தகவலைப் பகிர்கிறேன். வெள்ளக் காலத்தில் உயிரைப் பணயம் வைத்து மூழ்கிப்போய் மடையைத் திறந்தவர்தான் "மடையன்". திரும்பி வருவது நிச்சயமில்லை என்பதால் குடும்பத்திடம் விடைபெற்றுப் போவாராம். அந்த வீரனின் பெயரைத்தான் நாம் வசைச் சொல்லாக்கிவிட்டோம். வடகால் அக்காவின் தாத்தாவும் மடையர் குலம்தான், பெருமைப்படுங்கள்.

ஏட்டுச்சுவடி:
தம்பி, இந்தத் தகவல் எனக்கும் பலமுறை வந்திருக்கிறது. நெஞ்சைத் தொடுகிறது என்பதற்காக அதை ஒப்புக்கொள்ள முடியாது. மடை என்பதற்கு மதகு என்ற பொருள் இருப்பது போலவே சமைத்த உணவு, படையல் என்ற பொருளும் உண்டு. கோயிலில் இருப்பது மடைப்பள்ளி, மடைத்தொழில் என்றால் சமையல் தொழில். அந்த மடையிலிருந்து வந்த மடையன் சமையற்காரன், அகராதியில் இருக்கிறது. அறிவில்லாதவனைக் குறிக்கும் மடையன், மடம், மடமை என்ற சொற்களின் பக்கத்தில் நிற்கிறது. மதகைத் திறந்தவரின் தியாகத்திலிருந்து இந்த வசை பிறந்தது என்று காட்ட ஒரு பழைய சான்றும் இல்லை.

மூன்றாம்மடை:
ஏட்டுச்சுவடி ஐயா சொல்றதுதான் சரி. ஆனா தம்பி மேல எனக்குக் கோபமில்ல. மடையில முங்கி அடைப்பத் திறக்கிறது நிசமாவே ஆபத்தான வேலை. குளத்துக்குள்ள இருக்கிற தூம்புவாய்க்கு, தண்ணி வெளியேறுற துளைக்கு, மேல நீச்சல்ல போய், மூச்சடக்கி இறங்கி, கல்லையோ கட்டையையோ அசைக்கணும். தண்ணி உறிஞ்சுற வேகத்துல ஆள் மாட்டிக்கிட்டா அவ்வளவுதான். அந்த ஆபத்தைச் சொல்ல ஒரு பொய்யான சொல்வரலாறு தேவையில்ல. வேலையே போதும்.

வான்பார்த்தபூமி:
ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. இனி அனுப்ப மாட்டேன். அப்படியானால் "குளிர்த்தல்தான் குளித்தல் ஆயிற்று, உடம்பைக் குளிர வைப்பதால்" என்பதும் அதே வகைதானா?

ஏட்டுச்சுவடி:
முத்துக் குளித்தலை நினைத்துப் பாருங்கள். கடலுக்கு அடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிப்பி தேடுகிறவர் உடம்பைக் குளிர வைக்கப் போகவில்லை. குளித்தலுக்கு மூழ்குதல், உள்ளே இறங்குதல் என்ற பொருள் பழையது. வேல் உடம்பில் பாய்ந்து அழுந்துவதையும் குளித்தல் என்றே சொல்லியிருக்கிறார்கள்.

துலாமிதி:
நாங்கள் தலையில வார்த்தால் "முழுகிறது" எண்டுதான் சொல்லுறது. உடுப்பைத் "தோய்க்கிறது".

காட்டுக்குப்போறவன்:
முழுகறதுன்னதும் சொல்லியே ஆகோணும். "அவ முழுகாம இருக்கா"ன்னா கர்ப்பமா இருக்கான்னு அர்த்தம். "அவனைத் தலைமுழுகியாச்சு"ன்னா உறவு அறுந்துபோச்சு. "நகை மூழ்கிப்போச்சு"ன்னா அடகு வெச்சது வட்டி ஏறி மீட்க முடியாமப் போச்சு. முதல் சேதிக்கு வீடே சிரிக்கும், கடைசிச் சேதிக்கு அடுப்பெரியாது. மூணும் தண்ணிக்குள்ள போற வினைதான்.

பச்சைத்தண்ணி:
இழையை இப்போதுதான் பார்த்தேன். தமிழ் கற்கும் பெரியவர்களுக்கு வகுப்பெடுக்கிறேன். என் மாணவர்களை அதிகம் அலைக்கழித்தது "காய்". "துணி காயுது" என்றால் ஈரம் போகிறது. "கிணறு காயுது" என்றால் நீர் வற்றுகிறது. சரி, காய்தல் என்றால் தண்ணீர் இல்லாமல் போவது என்று குறித்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் "குளிக்கத் தண்ணி காயுது" என்றேன். தண்ணீர் வற்றுகிறது, சீக்கிரம் போய்க் குளிக்க வேண்டும் என்று ஒருவர் புரிந்துகொண்டார்! பிறகு வெயில் காய்தல், குளிர்காய்தல், நிலா காய்தல், காய்ச்சல் என்று எல்லாவற்றையும் பலகையில் எழுதிப் பார்த்தோம். சூடோ ஒளியோ ஒன்றின் மேல் படுகிறது. பட்ட பொருளைப் பொறுத்து விளைவு மாறுகிறது. துணியில் ஈரம் போகிறது, பானைத் தண்ணீர் சுடுகிறது, உடம்பு கொதிக்கிறது. பட்டியலாகப் பத்து அர்த்தம் மனப்பாடம் செய்வதை விட இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொள்வது எளிதாக இருந்தது.

என் பெயரைப் பற்றியும் கேட்பார்கள்: தண்ணீர் எப்படிப் பச்சையாக இருக்கும் என்று. காய்ச்சாதது, சமைக்காதது பச்சை. தண்ணீர் என்பதே தண்மை உள்ள நீர். ஆகவே "சுடுதண்ணீர்" பிழை, வெந்நீர் என்றே சொல்ல வேண்டும் என்று திருத்துகிறவர்கள் உண்டு. நான் திருத்துவதில்லை.

துலாமிதி:
திருத்தவே கூடாது. எங்கட வீட்டில சுடுதண்ணிதான். என்ர அம்மா வாழ்நாளில வெந்நீர் எண்டு சொன்னதில்லை.

மூன்றாம்மடை:
டீச்சர், காய்ச்சல் வயலுக்கும் உண்டு. நெல்லுல எப்பவும் தண்ணிய நிறுத்தாம, ஒருமுறை கட்டி, அது வடிஞ்சு லேசா மண் வெடிக்கிற நேரத்துல திரும்பக் கட்டுறதுக்குக் "காய்ச்சலும் பாய்ச்சலும்"னு பேரு. நீர் மிச்சம், வேருக்கும் காத்து கிடைக்கும்.

பச்சைத்தண்ணி:
ஐயா, இது எனக்குப் புதையல். அப்படியே "பூ"வுக்கும் ஒரு நூல் இருக்கிறது என்று நினைக்கிறேன். இருபூ நிலம் என்று மேலே எழுதினீர்கள். கண்ணில் பூ விழுந்தது, காத்திருந்து கண் பூத்துப்போனது, நீறு பூத்த நெருப்பு, ஊறுகாயில் பூஞ்சை பூத்தது, நெற்றியில் வேர்வை பூத்தது. எல்லாவற்றிலும் உள்ளே இருந்தது மேல்பரப்பில் வந்து படிகிறது. மரத்தில் வந்தால் அழகு, கண்ணில் வந்தால் குருடு. மொழி இரண்டையும் ஒரே கண்ணால் பார்த்திருக்கிறது.

ஏட்டுச்சுவடி:
அருமை. நாற்றத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பு மணம் எதுவானாலும் நாற்றம்தான். இன்று கெட்ட வாடை மட்டும். ஆனால் திருப்புடைமருதூர்க் கோயில் இறைவன் பெயர் நாறும்பூநாதர். அங்கே அந்தச் சொல் இன்னும் மணக்கிறது.

தாமரை, ஆம்பல், வெள்ளம் மூன்றும் பழந்தமிழில் பேரெண்களின் பெயர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணி முடியாத தொகைக்குப் பெயர் வைக்க நம்மவர்கள் பார்த்தது குளத்தைத்தான்.

கொழுந்துக்கூடை:
"துறை"யும் அப்படித்தானே? ஆற்றில் இறங்கும் இடம் துறை. இன்று கல்வித்துறை, காவல்துறை.

காட்டுக்குப்போறவன்:
தமிழ்நாட்டுல 2021ல நீர்வளத்துறைன்னு தனியா ஒரு துறையே வந்துச்சுங்க. சுத்திச் சுத்தித் தண்ணிக்கே வந்து சேர்ந்துருச்சு அந்தச் சொல்லு. "மடைமாற்றம்"ன்னு பத்திரிகையில எழுதறாங்களே, பேச்சைத் திசை திருப்பறதுக்கு? எங்க தோட்டத்துல அது ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு, ஒரு பாத்தி நிறைஞ்சதும் மம்முட்டியில மண்ணை அள்ளி இந்தப் பக்கம் அடைச்சு அந்தப் பக்கம் வெட்டி விடறது. படிக்கறப்ப எல்லாம் எனக்குக் கால்ல சேறு ஒட்டற மாதிரி இருக்கும்.

வடகால்:
இரண்டு நாளாக இழையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன். மூன்றாம்மடை ஐயா, உங்கள் முதல் பதிலை மூன்று முறை வாசிக்கச் சொன்னார். துலாமிதி அண்ணா, துரவு என்று சொன்னதும், "ஆமா, தெக்குப் பக்கம் பெரிய கெணறு ஒண்ணு, படி வச்சது" என்று அவருக்கே நினைவு வந்துவிட்டது. பத்திரத்தில் அது பாதிப் பங்கு என்று போட்டிருக்கிறது.

என் வேலையிலும் ஒன்று மாற்றியிருக்கிறேன். "நீர்க்கட்டி" என்று வெறுமனே எழுதாமல், "நீர்க்கட்டி (நீர் நிரம்பிய சிறு பை)" என்று எழுத ஆரம்பித்திருக்கிறேன். கட்டி என்றதும் புற்றுநோய் என்று பயந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன், அதற்காக.

ஒரு சந்தேகம் பாக்கி. அப்பாவிடம், தாத்தா வீட்டுக்கு வந்ததும் என்ன பேசுவார் என்று கேட்டேன். வேலையைப் பற்றிப் பேசவே மாட்டாராம். வருடத்தில் ஒருநாள் மட்டும், விடிகிற நேரத்தில் நனைந்து வந்து திண்ணையில் உட்கார்ந்து, "மறுகால் பாஞ்சிட்டு" என்பாராம். அன்றைக்கு வீட்டில் யாரும் யாரையும் ஏச மாட்டார்களாம். மறுகால் என்றால் என்ன?

மூன்றாம்மடை:
குளம் முழுக்க நிறைஞ்சு, மிஞ்சின தண்ணி கலிங்கு வழியா வெளிய போறது. அந்த வருசம் ரெண்டு பூவும் விளையும்னு அர்த்தம், தாயி.